பாதிப் பை

ஜூலை 15, செவ்வாய்

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக இதன் மேல் மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் திறக்கிறேன். "நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைங்கப்பா, நாளைக்கு யாராச்சும் கேட்டா வேணும்" என்று மைதிலி சொல்லிவிட்டாள். ஆகவே இதில் விஷயம் மட்டும் எழுதப்படும். வீட்டுக் கதை எதுவும் எழுதப்படாது.

விஷயம் இதுதான். காலை பத்தே காலுக்கு ஜீப் வந்தது. சொல்லவுமில்லை, கொள்ளவுமில்லை. நான் அப்போது கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துக் கத்தரி தனி ரகம். வெள்ளை வரி ஓடிய உருண்டைக் காய், வெந்தால் வெண்ணெய். வேலாங்காட்டுவலசுக் கத்தரி என்று சந்தையில் கேட்டு வாங்குவார்கள். விதையை நாங்களே எடுத்து நாங்களே நடுகிறோம். கேட்டு வருகிறவர்களுக்கும் சின்னத் துணிப்பையில் போட்டு விற்கிறோம். ஆடி மாதம் முழுக்க அதுதான் வேலை. கை இரண்டும் சாம்பல். அந்தக் கையோடுதான் அதிகாரியைக் கும்பிட்டேன்.

விதை ஆய்வாளராம். பேர் ஜெபசெல்வி. மைதிலியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பேச்சு தெக்கத்திப் பேச்சு. கையில் எங்கள் பை ஒன்று இருந்தது. யாரோ நம்மிடம் வாங்கிப் போய்ச் சந்தையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"விதை விக்கதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கியளாய்யா?"

"எங்காட்டுல வெளஞ்ச வெதைய நான் குடுக்கறதுக்கு எதுக்குங்க லைசென்சு?"

"உங்க விதைய நீங்க விக்கலாம், அதுக்குச் சட்டத்துலயே உரிமை இருக்கு. ஆனா பேரு போட்டு, கம்பெனி மாதிரி பிராண்டா விக்கக் கூடாது. அதுக்குத்தான் லைசென்ஸ் வேணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கத்தரியைப் பற்றி என்ன தெரியும் என்கிற மாதிரி ஏதேதோ சத்தம் போட்டேன். என் சம்சாரம் துளசிமணி பின்னாலிருந்து துண்டைப் பிடித்து இழுத்தாள். பையைப் பற்றி அந்த அம்மா இரண்டு கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டி, "கீழ கையெழுத்துப் போடுங்கய்யா. மத்ததை நான் ஆபீஸ்ல போய் நிரப்பிக்கிடுதேன். இன்னும் நாலு இடம் போகணும்" என்றார்கள். போட்டால் போதும், போய்த் தொலைவார்கள் என்று பேனாவை வாங்கிவிட்டேன்.

"ப்பா, போடாதீங்க."

வாசல்படியில் மைதிலி நின்றுகொண்டிருந்தாள். நைட்டி மேல் துண்டு, தலை வாராமல்.

அப்புறம் அவள்தான் பேசினாள். முதலில் அடையாள அட்டையைக் கேட்டாள். பேரையும் மணியையும் குறித்துக்கொண்டாள். எதற்காக ஆய்வு என்று எழுத்தில் வேண்டும் என்றாள். படிவத்தை இங்கேயே முழுசாக நிரப்பி, வாசித்துக் காட்டி, காலி இடத்தில் கோடு போட்டால்தான் கையெழுத்து என்றாள். அதில் ஒரு நகல் எங்களுக்கு. விதையை மாதிரிக்கு எடுத்தால், அதே பையில் போட்டுச் சீல் வைத்த ஒரு பங்கு எங்களுக்கு.

"நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பார்த்தவங்க. டியூப்ல பேரும் நேரமும் எழுதாம ஒரு சொட்டு ரத்தம் வெளிய அனுப்ப மாட்டோம். இதுவும் அப்படித்தானுங்களே?" என்றாள்.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம்தான். "கேக்கது சரிதான்" என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எழுதினார்கள். துளசிமணி மோர் கொடுத்தாள். குடித்தார்கள்.

முடிவு: விதை இருந்த மூன்று டின்னுக்கும் சீல். நான் புரட்டிக்கொண்டிருந்ததும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மறு உத்தரவு வரும்வரை விற்கவோ கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. இந்த மாதம் நாற்று விடாவிட்டால் இந்த வருஷத்துக் கத்தரி அவ்வளவுதான்.

மைதிலி வெளியே வந்து பேசியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

படிவத்தின் நகலை மைதிலி அவள் அறைக்கு எடுத்துப்போய் வாசித்தாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

பைப்பு ஒழுகுகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒழுகவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காலையிலேயே மூன்று பேர் விதைக்கு வந்துவிட்டார்கள். காங்கேயம் பக்கத்திலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் வண்டியில் வந்திருந்தார்கள். சீல் வைத்திருக்கிறது, கொடுக்க முடியாது என்றேன்.

"கலப்படமுங்களாண்ணா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது.

என் ஆயுசில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கலப்படம் செய்கிறவன் இந்த வெயிலில் கோவணத்தோடு நிற்பானா, காரில் அல்லவா போவான் என்று கத்திவிட்டேன். பாவம், பயந்து போய்விட்டார்கள். போகும்போது, "அப்ப வேற பக்கம் பார்த்துக்கறமுங்கண்ணா" என்றார் அவர். ஒரு தடவை வேறு பக்கம் பார்த்தவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

எனக்கு நடுவதற்கே கையில் ஒரு பிடி விதை இல்லை. நாற்றுக்குப் பார் பிடித்து வைத்த இடம் வெறுமனே காய்கிறது. அதற்கும் தண்ணீர் விட்டேன். என்னத்துக்கு என்று தெரியவில்லை.

சீல் வைத்த எங்கள் பங்குப் பையைத் துளசிமணி சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். இன்றைக்குப் பார்த்தால் அதற்கும் சந்தனம், குங்குமம். அரக்கு மேல் கை வைக்காதே, ஆதாரம் கெட்டுப்போகும் என்று சத்தம் போட்டேன். "சாமி பாத்துக்கும், நீங்க கத்தாதீங்க" என்கிறாள்.

ஜூலை 19, சனி

பையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அதுவும் விஷயத்தில் சேர்ந்தது.

வீட்டில் அறுநூறு மஞ்சள் துணிப்பை சும்மா கிடந்தது. அச்சடித்த பை. பெரிய பை விதைக்குத் தோதுப்படாது. ஆகவே துளசிமணியை விட்டு ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, இடது பக்கப் பாதியை மட்டும் சின்னப் பையாகத் தைக்கச் சொன்னேன். மேலே ஒரு வரி இருந்தது, அது மடித்துத் தைத்ததில் உள்ளே போய்விட்டது. சிக்கனம் கருதிச் செய்தது. வேறு காரணம் கிடையாது.

மேலே உள்ளதை எழுதும்போது துளசிமணி காப்பியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"சிக்கனம்னா அந்தப் பக்கத்துப் பாதியையும் தெச்சிருக்கலாமே?"

"போடி வேலையைப் பாத்துக்கிட்டு."

"இன்னைக்கு எத்தனை தரம் பைப்பைப் பாத்தீங்க? அவ சன்னலுக்கு நேரா இருக்கற பைப்பு மட்டும் எப்படிங்க தெனமும் ரிப்பேராவுது?"

காப்பியில் சர்க்கரை கூட.

ஜூலை 20, ஞாயிறு

பையைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

ரிஜிஸ்டர் தபால் வந்தது. வரும் திங்கட்கிழமை, 28-ம் தேதி காலை பதினோரு மணிக்கு, டவுன் ஆபீசில் பெரிய அதிகாரி முன்னால் நேரில் விளக்கம் சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் 'மைதிலி' என்ற பிராண்டில் விதை விற்றதாகக் குற்றச்சாட்டு. சொல்லுகிற விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் மூன்று டின் விதையும் பறிமுதல், மேற்கொண்டு வழக்கு.

சாப்பிட்டு முடித்த பிறகு மைதிலி நகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். 'பையில் உள்ள மைதிலி என்பது விதையின் பெயரா என்று கேட்டதற்கு, ஆம், மகள் பெயரில் விற்கிறோம் என்று பதிலளித்தார்.'

"ஏம்ப்பா ஆமான்னு சொன்னீங்க?"

"யாரு மைதிலின்னாங்க. எம் பொண்ணுன்னேன். பொண்ணு பேருல விதையான்னாங்க. ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"கண்ணாலப் பைன்னு சொல்லியிருக்கலாம்ல."

துளசிமணி எழுந்து, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

சரி. எழுதாவிட்டால் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. எழுதிவிடுகிறேன். போன கார்த்திகையில் மைதிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் பேர் சிவனேசன். அந்த அறுநூறும் வருகிறவர்களுக்குத் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்க அடித்த தாம்பூலப் பை. மேலே திருமண விழா. இடது பக்கம் மைதிலி, அதன் கீழே என் பேரும் ஊரும் போன் நம்பரும். வலது பக்கம் சிவனேசன், தேதி, மண்டபம். நடுவில் பெரிதாக ஒரு பூர்ணகும்பம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. அவன் வெளியூரில் வேறொரு பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து ஆறு மாதம் ஆகிவிட்டதாம்.

லேப்பில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். அதற்கப்புறம் அவள் வேலைக்குப் போகவில்லை. வாசல்படி தாண்டவில்லை. எட்டு மாதம். ஜீப் வந்த அன்றைக்குத்தான் தாண்டினாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வீட்டில் சண்டை.

ஆபீசில் போய் பிராண்டுதான் என்றே சொல்லிவிடுகிறேன், விதை போனால் போகட்டும், வழக்குப் போட்டால் போடட்டும் என்றேன். நாலு அதிகாரிகள் முன்னால் நின்று என் பெண்ணின் கல்யாணம் நின்ற கதையைச் சொல்ல என்னால் ஆகாது என்றேன்.

"யாருக்குப்பா ஆகாது? எனக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"என்னை எதுக்குச் சேக்கறீங்க? என்னை ஒரு தரமாச்சும் கேட்டீங்களா? ஊரே எங்கிட்ட வந்து கேட்டுட்டுப் போயிருச்சு. நீங்கதான் எட்டு மாசமா சன்னல்கிட்ட வந்து பைப்பைத் திருவிட்டுப் போறீங்க."

துளசிமணி சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் மேல் பாய்ந்தேன். அவள் பாட்டுக்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

மைதிலி சொல்வது இதுதான்: வெட்டாத முழுப்பை ஒன்று இருந்தால் போதும், அதைக் காட்டினால் கேஸ் தீர்ந்தது. வீடு முழுக்கத் தேடினோம். பரண், பெட்டி, நெல்லுக் குதிர், மாட்டுக் கொட்டகை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று எண்ணி எண்ணி வெட்டச் சொன்னவன் நான்தானே. "கும்பத்தை வெட்டச் சொல்றீங்களே, ஆகுமா" என்று துளசிமணி அன்றைக்கே கேட்டாள். வெட்டுடி என்றேன்.

"அந்தப் பக்கத்துப் பாதியெல்லாம் என்னம்மா பண்ணின?" என்று மைதிலி கேட்டாள்.

"கரித்துணிக்கு எடுத்துக்கிட்டேன். வண்டி தொடைக்க, மாட்டு மடி தொடைக்க. நல்ல கெட்டித் துணி."

எல்லாம் நைந்து குப்பைக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும் அடுப்படியில் இருந்தது. சோற்றுக் குண்டானை இறக்கப் பிடிக்கிற துணி. மைதிலி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தாள். ஒரு மூலை கருகியிருந்தது. நடுவில் சாம்பார்க் கறை. ஆனால் சிவனேசன் என்ற பேர் பளிச்சென்று இருந்தது. வெட்டின ஓரத்தில் கும்பத்தின் பாதி.

துளசிமணி அதைத் துவைக்க வாங்கினாள்.

"தொவைக்காதம்மா. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் மைதிலி.

ஜூலை 26, சனி

இது விஷயத்தில் சேராது. ஆனாலும் எழுதுகிறேன்.

நிச்சயம் ஆன பிறகு ஒரு நாள் மைதிலி என்னிடம் வந்தாள். நான் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். "ப்பா, அவரு போன் பண்ணுனா எடுக்கவே மாட்டேங்கறாரு. எடுத்தாலும் ரெண்டு வார்த்தைல வெச்சுடறாரு. எனக்கென்னமோ சரியாப் படலை" என்றாள். மடை உடைந்திருந்தது. அந்த அவசரத்தில், "பெரிய இடத்துப் பையன், வேலை இருக்கும், நீ கண்டதையும் நெனைக்காத" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அன்றைக்கு நின்று கேட்டிருக்க வேண்டும். மடை எத்தனையோ தடவை உடைந்திருக்கிறது, கட்டியிருக்கிறேன். இடம் பார்த்தது நான், விசாரித்தது நான், அவள் சொன்னதைத் தட்டிவிட்டதும் நான். பையில் அந்தப் பேரைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு என் மேல்தான் எரிந்தது. அதனால்தான் வெட்டச் சொன்னேன். சிக்கனம் என்று எழுதியது பொய்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எட்டே முக்கால் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். மைதிலி நீலச் சேலை கட்டியிருந்தாள். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் முறைத்ததில் முன்னால் பார்த்துக்கொண்டார்கள். சீல் பை துளசிமணி மடியில், சந்தனம் குங்குமத்தோடு. கரித்துணி மைதிலியின் கைப்பையில்.

பெரிய அதிகாரிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பக்கத்தில் ஜெபசெல்வி அம்மா. எங்களை உட்காரச் சொன்னார். நகலை எடுத்து அந்த வரியை வாசித்தார்.

"நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க. கத்தரிக்காய் படம் போட்டு, பேர் போட்டு, ஊர் போட்டு, போன் நம்பர் போட்டு விக்கறீங்க. இதுக்குப் பேர் பிராண்டு இல்லாம வேற என்னங்க பெரியவரே?"

கத்தரிக்காய் படமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "அது வந்துங்க" என்றேன். மறுபடி "அது வந்துங்க" என்றேன். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்ததுதான். எழுந்து நின்றால் வரும் என்று எழுந்தேன். அறுபத்தோரு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மைதிலி என் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் சீல் பையை வைத்தாள்.

"சார், இது உங்க ஆய்வாளர் எங்க வீட்ல சீல் வெச்சுக் குடுத்த எங்க பங்கு. அரக்கு உங்களுது, கையெழுத்து அவங்களுது. உடைக்கலை. படத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். "கத்தரிக்காய்தான்."

மைதிலி கைப்பையைத் திறந்து கரித்துணியை எடுத்து மேசை மேல் உதறினாள். ஒரு பருக்கை சோறு ஃபைல் மேல் விழுந்தது. துணியைச் சீல் பைக்கு வலது பக்கம் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். பாதி மாவிலையும் பாதி மாவிலையும் சேர்ந்தன. அரைத் தேங்காயும் அரைத் தேங்காயும் சேர்ந்தன. கும்பம் முழுசானது.

"இது கத்தரிக்காய் இல்லைங்க சார், பூர்ணகும்பம். இது என்னோட கண்ணாலத்துக்கு அடிச்ச தாம்பூலப் பை. மைதிலிங்கறது நான். இந்தப் பக்கம் சிவனேசன்னு இருக்கறவரு மாப்பிள்ளை. கண்ணாலம் நின்னு போச்சு. எங்கப்பாவுக்கு அந்தப் பேரைப் பாக்கப் புடிக்கலை, நடுவுல வெட்டிட்டாரு. என் பேர் இருந்த பக்கம் விதைக்குப் போச்சு. அவர் பேர் இருந்த பக்கம் எங்கம்மா அடுப்படிக்குப் போச்சு."

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, சாம்பார்க் கறை பட்ட சிவனேசனைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இதைப் பிராண்டுன்னு நீங்க எழுதினா எழுதிக்குங்க சார். ஆனா அந்தக் கம்பெனி தொறக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே பார்ட்னர் ஓடிட்டாரு" என்றாள் மைதிலி.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. ஜெபசெல்வி அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பெரிய அதிகாரி இருமுகிற மாதிரி ஆரம்பித்து, கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். துளசிமணி, "நல்ல துணிங்க, சூடே தெரியாது" என்றாள். அவ்வளவுதான், அந்த அறையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நான் மைதிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும். எட்டு மாதத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது.

அப்புறம் அவர் ஒழுங்காக உட்கார்ந்து பேசினார். விவசாயி தன் விதையைத் தான் வைத்துக்கொள்ளலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். அதை யாரும் தடுக்க முடியாது. பேர் அச்சடித்த பையில் மட்டும் போடாதீர்கள், பார்க்கிறவன் கம்பெனி விதை என்று நினைப்பான் என்றார். வெறும் பொட்டலமே போதுமாம்.

"நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும் சார். அவசரத்துல எழுதிட்டேன்" என்றார்கள் ஜெபசெல்வி அம்மா.

"நீங்க எழுதினது சரிதாங்க. எங்கப்பா சொன்னதுதான் பொய்" என்றாள் மைதிலி.

உத்தரவு வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்றார்கள். கரித்துணியை ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பெரிய அதிகாரி கேட்டார். தாராளமா என்றாள் மைதிலி. குண்டானுக்கு வேறு துணி தேட வேண்டுமே என்று துளசிமணிக்கு மட்டும் மனசே இல்லை.

வெளியே வந்து மூன்று பேரும் கரும்புச் சாறு குடித்தோம். அங்கே வைத்து, "அன்னைக்கு மடை உடைஞ்சுதுன்னு ஓடிட்டேன் கண்ணு. நீ சொன்னதை நின்னு கேட்டிருக்கோணும்" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "விடுங்கப்பா" என்று தன் டம்ளரில் பாதியை என் டம்ளரில் ஊற்றினாள்.

ஜூலை 29, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். பைப்பைப் பார்க்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜெபசெல்வி அம்மா வந்தார்கள். இந்தத் தடவை முன்கூட்டியே போன் செய்துவிட்டு. வாசலில் நின்று, யாரும் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து மைதிலியிடம் நீட்டினார்கள். மைதிலியும் விடுவாளா, வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

மூன்று டின்னிலும் சீலை உடைத்தார்கள். தடை நீக்கிய உத்தரவைக் கையில் கொடுத்து, நகலில் என் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை, பார்த்துவிட்டுத்தான் போட்டேன். முதல் பிடி விதையை எடுத்து அப்போதே என் பாரில் தூவினேன். தண்ணீர் விட்டுக்கொண்டேதான் இருந்தேன், மண் பதமாக இருந்தது.

"எங்க அம்மைக்குக் கொஞ்சம் விதை வேணுமே. வீட்டுக்குப் பின்னால போடுவா" என்றார்கள் போகும்போது.

"எதுலங்க போட்டுக் குடுக்கறது? பையில குடுத்தாக் கேஸ் போட்டுருவீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கர்ச்சீப்பை விரித்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விடிந்ததிலிருந்து ஆட்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. காங்கேயத்துக்காரர்களுக்கு நானே போன் போட்டேன். வந்தார்கள். அன்றைக்குக் கத்தினதற்கு, "ஏதோ கோபத்துல பேசிட்டனுங்க" என்றேன். "எங்கய்யனும் இப்படித்தானுங்கண்ணா" என்றது அந்தப் பெண். அடுத்த வாரமே நாற்று விட்டுவிடுகிறார்களாம்.

மைதிலி வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, விதை எடுத்த தேதியை ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்தாள். மேலக்காட்டு ராமாத்தாள் விதை வாங்குகிற சாக்கில், "ஏன் சாமி, அந்தக் கண்ணாலப் பேச்சு என்னதான் ஆச்சு?" என்று ஆரம்பித்தாள். என் கை தானாக மண்வெட்டிப் பக்கம் போனது.

"அதுங்களா சித்தி? ஃபைல்ல இருக்குதுங்க. டவுன் ஆபீசுல போனாக் காட்டுவாங்க" என்றாள் மைதிலி, தலை நிமிராமல் பொட்டலம் கட்டிக்கொண்டே.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாற்று முளைத்துவிட்டது. இரண்டு இலை.

மைதிலி இன்று மறுபடி லேப் வேலைக்குப் போனாள். கூப்பிட்டார்களா, இவளே கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. காலையில் டிபன் டப்பாவோடு வந்து, "ப்பா, தைச்ச பை மிச்சம் இருக்குதுங்களா?" என்றாள்.

நூற்றுச் சொச்சம் இருக்கிறது. அடுப்பில் போடலாம் என்று கட்டி வைத்திருந்தேன்.

"அதை எதுக்குப்பா அடுப்புல போடறீங்க? என் பேர் போட்ட பை, விதைக்குத்தான் ஆகாது. தயிர்சாதத்துக்குமா ஆகாது?"

ஒன்றை உருவி, டப்பாவை அதில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ரோடு வரை பின்னால் போனேன். மடையைப் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் கிளம்பினேன். பிறகு, "மடையெல்லாம் ஒண்ணுமில்ல, உன்னை ஏத்தி விடத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். எட்டே முக்கால் பஸ் வந்தது. சன்னலோரத்தில் உட்கார்ந்து பையை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அந்த எழுத்து நன்றாகத் தெரிந்தது. மைதிலி. பக்கத்தில் வேறு பேர் இல்லை.

சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸில் வந்தாள். டப்பா காலி. லேப்பில் ஆறு பேர் விதை கேட்டார்களாம், நாளைக்குப் பொட்டலம் கட்டித் தர வேண்டும்.